‘தூக்கம் வரலை சார்’: சென்னைக்குப் புதிதாக வந்தவர்கள் மனநல உதவி தேடுவது எப்படி?

சென்னைக்கு வந்த முதல் மாதத்துக்குள் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கேலி காதில் விழுந்துவிடும். ஆபீஸில் ஒருவர் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டால்கூட "உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்" என்பார்கள். கோவில்பட்டியிலிருந்து வந்த நானும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகு ஒரு நாள் விடியற்காலையில், திருவல்லிக்கேணி மேன்ஷன் மாடிப்படியில், மூன்று வாரமாகச் சரியாகத் தூங்காத அறைத்தோழனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பெரிய ஊரில் மனநலத்துக்கென்று எனக்குத் தெரிந்திருந்த ஒரே முகவரி அந்தக் கேலிதான்.

அவன் அருப்புக்கோட்டைக்காரன். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தான். மெஸ்ஸில் டோக்கன் வாங்குவான், சாப்பிடாமல் திரும்பி வந்துவிடுவான். அன்று அவனை சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கு, அதாவது எல்லோரும் ஜி.எச். என்று சொல்லும் இடத்துக்கு, கூட்டிப்போனேன். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் "என்ன பண்ணுது?" என்று கேட்டார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த இங்கிலீஷ் வார்த்தை எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. அவனே சொன்னான்: "தூக்கம் வரலை சார். சாப்பாடு இறங்கலை. காலையில எதுக்கு எந்திரிக்கணும்னு இருக்கு." அவ்வளவுதான். சீட்டை நீட்டி, மனநலப் பிரிவு எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பலருக்கு வழி சொல்லியிருக்கிறேன். ஊர்க்காரர்கள், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள். எல்லோரும் தடுக்கி நிற்பது ஒரே இடத்தில்: "எனக்கு என்னன்னே தெரியலையேண்ணா, அங்க போய் என்னன்னு சொல்றது?" நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டர் வேலை. நமக்கு என்ன பண்ணுகிறதோ அதை நம் பேச்சில் சொன்னால் போதும். ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் வழி சொல்லும்போதே, அங்கே போய் வாயைத் திறந்து என்ன சொல்லலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில்: எவ்வளவு அவசரம்?

டாக்டரா கவுன்சலரா, அரசா தனியாரா என்பதெல்லாம் பிறகு. முதல் கேள்வி, இன்று ராத்திரியைப் பத்திரமாகத் தாண்ட முடியுமா என்பதுதான். செத்துப்போகலாம் என்ற நினைப்பு விடாமல் ஓடுகிறது. ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டாயிற்று. யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கிறார். மூன்று நாளாகக் கண்ணை மூடாமல், ஊரையே விலைக்கு வாங்கப்போவதாகப் பேசிக்கொண்டிருக்கிறார். இதில் எது இருந்தாலும் இன்றைக்கே உதவி வேண்டும், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

தூக்கமும் பசியும் கெட்டு, அழுகையோ படபடப்போ வந்து, வேலை ஓடாமல் இரண்டு வாரம் ஆகியிருந்தால் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். காதல் முறிவு, மேலாளர் தொல்லை, வீட்டு ஞாபகம், என்ன முடிவெடுப்பதென்று புரியாத குழப்பம் போன்றவைக்கு நிதானமாக ஒரு நல்ல கவுன்சலரைத் தேடலாம். எந்த வகை என்று தெரியவில்லையா? கீழே வரும் 14416க்குப் போன் செய்யுங்கள், அவர்களே பிரித்துச் சொல்வார்கள்.

இன்று ராத்திரி என்றால்

முதல் எண் 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவையை 2022 அக்டோபரில் நாடு முழுக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. லைன் போகவில்லை என்றால் 1800-89-14416 போட்டுப் பாருங்கள். மொழி கேட்டால் தமிழைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஓர் ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார்கள்.

இரண்டாவது, 044-24640050. பத்திரிகைகளில் தற்கொலைச் செய்திக்கு அடியில் சிறிய எழுத்தில் போடுவார்களே, அந்த சினேகா. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கியது. போனை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். மருந்து எழுதித் தர மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள், காது கொடுத்துக் கேட்பார்கள். நள்ளிரவில் நமக்கு வேண்டியிருப்பது பெரும்பாலும் அதுதான். பெயர், ஊர் எதுவும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இவை இரண்டும் கிடைக்காதபோது தமிழ்நாட்டு அரசின் 104 இருக்கிறது.

போனை எடுத்ததும் என்ன சொல்வது? நிறையப் பேர் "ஹலோ" என்றதும் கட் செய்துவிடுகிறார்கள், எனக்குத் தெரியும். அழகாகத் தொடங்க வேண்டியதில்லை. "பேசணும் போல இருக்கு, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்றால் போதும். அதுவும் வரவில்லையென்றால் சும்மா லைனில் இருங்கள். அழுதால் அழுங்கள். மறுமுனையில் இருப்பவர் அமைதிக்குப் பழகியவர்தான். செத்துப்போகலாம் என்று தோன்றுவதை மட்டும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள். "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கும் அதற்கும் அவர்கள் செய்ய வேண்டியது வேறு வேறு. லைன் பிஸியாக இருந்தால் உங்களுக்கு இடமில்லை என்று அர்த்தமில்லை, அடுத்த எண்ணை அழுத்துங்கள்.

என் அறைத்தோழன் இந்த எண்களை ‘கேஸ் புக்கிங்’ என்ற பெயரில் போனில் போட்டு வைத்திருந்தான். நான்கு பேர் இருக்கும் ரூமில் யார் வேண்டுமானாலும் போனை எடுத்துப் பார்ப்பார்கள் அல்லவா. மேன்ஷனில் கேஸ் அடுப்பே கிடையாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இது நீங்கள் போன் செய்வது. பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி ஆகிறதென்றால் முதலில் நேராகக் கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதாடா?" கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். அப்படி ஆவதில்லை. பலருக்கு, ஒருத்தன் வாய்விட்டுக் கேட்டானே என்பதே பெரிய ஆறுதல். "உனக்கென்னடா குறைச்சல்", "ஊர்ல அம்மாவ நெனச்சுப் பாரு" என்ற இரண்டையும் அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். அம்மாவை நினைத்து நினைத்துத்தான் அவன் அங்கே வந்து நிற்கிறான். தனியாக விடாதீர்கள். ரூமில் ஆபத்தான பொருள்கள், மாத்திரைகள் இருந்தால் சத்தமில்லாமல் எடுத்து வேறு ரூமில் வையுங்கள். டீ வாங்கிக் கொடுங்கள். முறை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் விழித்திருங்கள்.

ஏற்கெனவே ஏதாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் 108. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானால் ஆட்டோ பிடித்து நேராகப் பக்கத்துப் பெரிய அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ராத்திரி பகல் இல்லை. "அரை மணி நேரம் பார்ப்போம், வாந்தி எடுத்தா சரியாயிடும்" என்று ரூமிலேயே காத்திருப்பது பெரிய தப்பு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எதைச் சாப்பிட்டார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அட்டையோ பாட்டிலோ கிடந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

ஒளிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் போலீஸ் பயம். ஆஸ்பத்திரியில் பதிவு செய்வார்கள், போலீஸ்காரர் ஒருவர் வந்து விவரம் கேட்டு எழுதலாம். அது நடைமுறை. ஆனால் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது; அவர்மேல் வழக்கு நடத்தித் தண்டிப்பதைத் தடுக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணிய வைப்பதற்காக முயல்வது மட்டும்தான் அதில் குற்றமாக இருக்கிறது. மேன்ஷன் மேனேஜர், ஹாஸ்டல் வார்டன் யாராவது "கேஸ் ஆயிடும், வெளியே சொல்லாதே" என்றால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.

இந்த வாரத்துக்குள் என்றால்: அரசு மருத்துவமனை ஓ.பி.

சம்பளம் குறைவு, ஊரில் யாருக்கும் தெரியக் கூடாது, முதல் முறை போகிறோம் என்றால் என் ஓட்டு எப்போதும் அரசுப் பொது மருத்துவமனைக்குத்தான். அங்கே மனநலப் பிரிவும் கண், காது, எலும்புப் பிரிவுகளைப் போல ஒரு பிரிவு. வாசலில் பார்க்கும் தெரிந்தவருக்கு நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று தெரியப்போவதில்லை.

எங்கே என்பது நீங்கள் தங்கியிருக்கும் பக்கத்தைப் பொறுத்தது. மத்திய சென்னைக்கு ஜி.எச். இருக்கிறது, சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கினால் எதிரே. வட சென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை. எழும்பூர், அமைந்தகரை, அண்ணா நகர்ப் பக்கம் என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கே.எம்.சி. என்கிற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தாம்பரம் தாண்டி வெகு தூரம் தள்ளி இருப்பவர்கள் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது சுலபம்.

ஓ.பி. காலையில் மட்டும்தான். மதியத்துக்கு மேல் போய் நின்றால் நாளைக்கு வா என்பார்கள். எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஆபீஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லி ஒரு நாள் லீவு போடுங்கள், அரை நாள் போதாது. கையில் ஆதார், தண்ணீர் பாட்டில், ஏதாவது பிஸ்கட், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகள். தைராய்டு, சர்க்கரைக்குப் பழைய டெஸ்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு கெட்டாலும் மனசு சோர்ந்துபோகும். அதனால் டாக்டரே ரத்தப் பரிசோதனை எழுதக்கூடும். முடிந்தால் ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிப்போங்கள். வரிசையில் இடம் பிடிப்பதற்கு மட்டுமில்லை. எத்தனை நாளாக இப்படி, முன்பு எப்படி இருந்தான் என்பதெல்லாம் பாதிக்கப்பட்டவரைவிடப் பக்கத்தில் படுப்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் வயர்கூடை. அதற்குள் தூக்குவாளி, துண்டு, நாலைந்து வருஷத்துச் சீட்டுகள். மகனைக் காட்டவந்திருந்தார். என் தோழனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பிக்குத் தூக்கந்தானே? வந்துரும், வந்துரும். எம்புள்ளைக்கும் வந்துச்சு" என்றார். அன்று முழுக்க யார் சொன்னதும் அவனுக்கு ஏறவில்லை, அது ஏறியது.

உள்ளே போனால் ஐந்து, பத்து நிமிஷம்தான் கிடைக்கும். கூட்டம் அப்படி. இதுதான் அரசு ஓ.பி.யின் குறை; மணிக்கணக்கில் மனம்விட்டுப் பேசும் இடம் அதுவல்ல. அதனால் முந்தின ராத்திரியே ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி எப்படி, வேலை ஓடுகிறதா, சாக வேண்டும் என்ற நினைப்பு உண்டா. குடி, கஞ்சா எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். டாக்டர் திட்டமாட்டார், மருந்து மாறும், அவ்வளவுதான். "நெஞ்சு படபடங்குது", "தலையில பாரமா இருக்கு", "காதுல யாரோ பேசற மாதிரி கேக்குது", "காரணமே இல்லாம அழுகை வருது" எல்லாம் அவர்கள் தினமும் கேட்கும் பாஷை. பேசி முடிக்க முடியாத விஷயம் இருந்தால் "தனியா கவுன்சலிங் வேணும்" என்று கேளுங்கள். அங்கேயே உளவியலாளர், சமூகப் பணியாளர் இருந்தால் அனுப்புவார்கள்.

மருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். காகிதக் கவரில் போட்டு, மேலே காலை, மதியம், ராத்திரி எத்தனை என்று பேனாவால் கிறுக்கித் தருவார்கள். கிறுக்கல் புரியவில்லை என்றால் வரிசையைவிட்டு நகராமல் மறுபடி கேளுங்கள்.

தனியாரிடம் போவதானால்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். அறைத்தோழன் தேறிய பிறகு எனக்கே ஒரு வருஷம் சரியில்லை. பெரிய போர்டு, குளிர்சாதன அறை, மேஜையில் சின்ன நீரூற்று பொம்மை என்று ஒரு கவுன்சலரிடம் போனேன். இரண்டாவது சிட்டிங்கிலேயே "வயசு என்னாச்சு, ஜாதகம் பார்த்தாச்சா? கல்யாணம் பண்ணிக்குங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். அதைச் சொல்ல ஊரில் எனக்கு நாலு அத்தைகள் இருக்கிறார்கள், அதுவும் இலவசமாக. காசைக் கட்டிவிட்டு வந்தேன், மறுபடி போகவில்லை.

மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.பி.எம். அல்லது டி.என்.பி. படித்தவர். மருந்து எழுதலாம். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் அவருக்கு இருக்கும். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பேச்சு சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் அவர் வேலை. ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி அவர்களுடைய இணையதளத்தில் சரிபார்க்கலாம். மூன்றாவது, கவுன்சலர். எம்.எஸ்சி. உளவியலோ சமூகப் பணியோ படித்த அருமையான கவுன்சலர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வார இறுதிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டு போர்டு மாட்டியவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை: ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், கடைசி நேரத்தில் வர முடியாவிட்டால் காசு பிடிப்பீர்களா, மருந்து தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆயிரத்துக்கு மேல் கேட்பது சென்னையில் சகஜம். குறைந்த கட்டணத்துக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டால் சிலர் குறைத்துக்கொள்வார்கள், கேட்காமல் யாரும் குறைப்பதில்லை.

இன்னொன்று, மொழி. இங்கே பல நல்ல சிகிச்சையாளர்கள் இங்கிலீஷில்தான் சரளமாக இருக்கிறார்கள். நமக்கும் மரியாதைக்காக இங்கிலீஷில் ஆரம்பித்து, அழ வேண்டிய இடத்தில் இலக்கணம் தேடிக்கொண்டிருப்போம். "நான் தமிழ்லதான் பேசுவேன், உங்களுக்குச் சௌகரியமா?" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். என் இரண்டாவது கவுன்சலரிடம் அப்படித்தான் கேட்டேன். "நான் மதுரைங்க, தாராளமா பேசுங்க" என்றார். அப்பா இறந்ததைப் பற்றி முதல் தடவையாகப் பேசியது அந்த நாற்காலியில்தான்.

பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளில் இருப்பவர்கள் ஒரு விஷயம் விசாரியுங்கள். பல நிறுவனங்கள் வெளி அமைப்பு ஒன்றின் மூலம் ஊழியர்களுக்குச் சில சிட்டிங் இலவசமாக வைத்திருக்கின்றன. சேர்ந்த அன்று கொடுத்த காகிதக் கட்டில் அதுவும் இருக்கும், யாரும் படித்திருக்க மாட்டோம். பேசுவது மேலாளருக்குப் போகுமா என்று அவர்களிடமே முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு பிறகு பேசுங்கள். கல்லூரியில் படிப்பவர்கள் துறை அலுவலகத்தில் கவுன்சலர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

கீழ்ப்பாக்கம்

அந்தக் கேலியின் முகவரிக்கு வருவோம். அரசு மனநல மருத்துவமனை 1794இல் தொடங்கிய காப்பகத்தின் தொடர்ச்சி; இப்போதைய இடத்துக்கு வந்தது 1871இல். தொடர்ச்சியாக உள்ளே தங்கவைத்துப் பார்க்க வேண்டிய நோய், குழந்தைகள், போதை மீட்பு என்று எல்லாவற்றுக்கும் பிரிவுகள் உண்டு. ஓ.பி.யும் உண்டு, போன உடனே உள்ளே பிடித்துப்போட மாட்டார்கள்.

வழியில் இரண்டு குழப்பம். கே.எம்.சி. வேறு, இது வேறு. ஆட்டோவில் "கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி" என்று பொதுவாகச் சொன்னால் கே.எம்.சி. வாசலில் இறக்கிவிடுவார்கள். சரி, சாலைப் பெயரைச் சொல்லலாம் என்று "மேடவாக்கம்" என்று ஆரம்பித்தால் அதைவிட மோசம். வேளச்சேரி தாண்டி இருக்கும் மேடவாக்கம் ஊரின் தென்கோடி. மருத்துவமனை இருப்பது அயனாவரம் பக்கம், மேடவாக்கம் டேங்க் ரோட்டில். பெயர் ஒன்று, இடையே பாதி நகரம். ஆப்பில் வண்டி போடும்போதும் இதைக் கவனியுங்கள்.

சேர்ப்பதைப் பற்றிய பயத்துக்கு அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. தானே விரும்பிச் சேருபவர், தானே கேட்டு வெளியே வரலாம். தானாக முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரை, அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில், மருத்துவர்கள் பரிசோதித்துத்தான் சேர்க்க முடியும். முதலில் முப்பது நாள் வரைதான். சங்கிலி போடுவது எந்த வடிவிலும் குற்றம். சினிமாவில் நாலு பேர் பிடித்து அமுக்கி ஷாக் கொடுப்பார்களே, மயக்க மருந்தில்லாமல் அப்படிச் செய்வதும் தடைசெய்யப்பட்டது. நீங்கள் சொன்னதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியே சொல்வதற்கும் கட்டுப்பாடு இருக்கிறது.

காதில் குரல், சந்தேகம் என்று நீண்ட நாள் போகும் மனச்சிதைவு நோய்க்கு அண்ணா நகர் மேற்கு விரிவில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பு இருக்கிறது. 1961 முதல் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைத் தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பிறகு 1984இல் தொடங்கியது. மருந்தோடு நின்றுவிடாமல், தேறியவருக்கு வேலைப் பயிற்சி, குடும்பத்தாருக்கு ஆலோசனை வரை போவார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டிவந்து என்ன நடக்கிறது என்று புரியவைக்க வேண்டும் என்றால் அந்த மாதிரி இடம்தான் சரி.

தெருவில் தன்னிலை மறந்து திரியும் ஒருவரைப் பார்த்தால் 112க்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது காவல்துறையின் சட்டக் கடமை. வீடற்று அலையும் பெண்களுக்காகவே 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு முகப்பேரில் இருக்கிறது.

சிலவற்றுக்கு வேறு கதவு

குடிதான் பிரச்சினை என்றால் இந்திரா நகரில் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை, 1980 முதல் போதை மீட்பு ஒன்றையே பார்க்கிறது. பல வருஷமாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று ரூமிலேயே நிறுத்திப் பார்க்கக் கூடாது. வலிப்பு, பிதற்றல் வரை போகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 181. குழந்தை என்றால் 1098. முதியவர்களுக்கு 14567.

காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: உடல்நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாலிசியில் ஓ.பி. செலவு சேருமா என்பதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையும் வீடும்

மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தொல்லைகள் அதற்கு முன்பே வந்துவிடும்: வாய் வறட்சி, வயிற்றைப் பிரட்டல், பகலில் தூக்கம். ஐந்தாம் நாளே "இது ஒத்துக்கலை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். நிறுத்துவதற்கு முன் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். தேறியதும் நீங்களாக நிறுத்துவதும் அதே தப்புதான். ரூம் நண்பனுக்குக் கொடுத்த தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

வீட்டில் சொல்வது உங்கள் விருப்பம். சொல்வதானால் நோய்ப் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். "அம்மா, எனக்குச் சரியா தூக்கம் இல்ல. டாக்டர்ட்ட காட்டினேன், மாத்திரை குடுத்திருக்காரு" என்பது எந்த அம்மாவுக்கும் புரியும். அடுத்த வாரம் "குணசீலத்துக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா, ஏதாவது திருஷ்டியா இருக்கும்" என்று வரும். போய்விட்டு வாருங்கள், நானும் போனேன், காவிரிக் கரையில் இருக்கும் பெருமாள் கோயில், நல்ல காற்று. மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போனேன். மருந்தை நிறுத்தச் சொல்லும் இடமாக இருந்தால் மட்டும் அங்கே போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கம் ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து ஓட முடியாமல் செத்துப்போனார்கள், 28 பேர். அவர்களையும் வீட்டார் குணமாக வேண்டும் என்றுதான் கூட்டிப்போயிருந்தார்கள்.

கடைசியாக அந்த ஓ.பி. சீட்டு. அடுத்த தேதி அதில்தான் இருக்கும், சிறிய எழுத்தில், ஒரு மூலையில். போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசலை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில் ஜி.எச். வாசலில் நனைந்த சீட்டோடு நின்று, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னோம் நாங்கள். அவன் இரண்டாவது முறையும் அதையேதான் சொன்னான், கொஞ்சம் மாற்றி: "தூக்கம் வருது சார். சாப்பாடுதான் இன்னும் சரியா இறங்கலை."